இலை வந்துச்சு, வேர் வரல: 400 பேர்ரூட் ரோஜாவுல 90 சாஞ்ச கேஸ்

ஒரு நர்சரியில ரெண்டு நாள்ல 400 பேர்ரூட் ரோஜாவ தொட்டிக்கு மாத்தினோம். நாலாவது வாரம் எல்லாமே அழகா தளிர் விட்டு நின்னுச்சு, பாக்கவே மனசு நிறைஞ்சுது. ஏழாவது வாரம் முடியறதுக்குள்ள அதுல 90 செடி சாஞ்சிடுச்சு. நோய்னு நெனச்சு மருந்து ஊத்தினோம், உப்புனு நெனச்சு தொட்டிய அலசினோம், ரெண்டுமே இல்ல. செடி செத்தது ஏழாவது வாரத்துல இல்லங்க, மாத்தின அன்னிக்கே மேசை மேலயே பாதி செத்துடுச்சு, நமக்குத் தெரிய ஏழு வாரம் ஆச்சு. அத எப்படி கண்டுபுடிச்சோம், எங்க தப்பு பண்ணேன், இப்ப வேலைய எப்படி மாத்தியிருக்கோம்னு முழுசா எழுதுறேன். இதே வேலை பண்றவங்க யாராவது படிச்சா அவங்க செடியாவது பொழைக்கட்டும்.

பேர்ரூட்னா தெரியாதவங்களுக்கு ஒரு வரி. வயல்ல ரெண்டு வருஷம் வளந்த ஒட்டு ரோஜாவ, குளிர்ல அது இலை கொட்டி தூங்கும்போது தோண்டி எடுத்து, மண்ண உதறி, வெறும் குச்சியும் வேருமா கட்டி அனுப்புவாங்க. மண்ணில்லாததால எடை கம்மி, ஒரே பெட்டியில நிறைய அனுப்பலாம், அதான் லாபம். ஆனா மண்ணில்லாததுதான் ஆபத்தும், ஏன்னா வேருக்கும் காத்துக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது.

வந்த சரக்கு

மொத்தம் 8 பெட்டி, பெட்டிக்கு 50. ஐஸ்பெர்க், டபுள் டிலைட், மிஸ்டர் லிங்கன், குயின் எலிசபெத்னு நாலு ரகம், ரகத்துக்கு 100. எல்லாமே டாக்டர் ஹூய்ங்கற ரகத்தோட வேர்க்கட்டை (ஒட்டுக்கு அடியில வேர் குடுக்குற செடி) மேல மொட்டு ஒட்டு கட்டினது, ஒவ்வொண்ணுலயும் பென்சில் தடிமன்ல இல்ல அதுக்கு மேல மூணு குச்சியாவது இருந்துச்சு, முதல் கிரேடு. கோல்டு ஸ்டோர்ல 0லேர்ந்து 2 டிகிரி செல்சியஸ்ல இருந்துட்டு வந்த செடி. உள்ள பாலித்தீன் கவர், அதுக்குள்ள ஈரமான காகிதத் துணுக்கு, பத்து பத்தா கட்டு. கவர் ஓட்டையாகல, துணுக்கு கையில புழிஞ்சா ஈரம் ஒட்டுச்சு. அதனால வழியில காஞ்சிடுச்சுனு அனுப்பினவங்க மேல பழி போட எனக்கு வழியே இல்ல, இத முதல்லயே சொல்லிடுறேன்.

பெட்டி திறந்ததும் எப்பவும் பாக்குறத பாத்தோம். நகத்தால பட்டைய லேசா சுரண்டினா உள்ள பச்சையா இருக்கணும், நுனிய வெட்டினா நடுச்சோறு வெள்ளையா இருக்கணும், பழுப்பா இருந்தா வெள்ளை வர்ற வரைக்கும் கீழ இறங்கி வெட்டணும். சில குச்சி நுனியில சாம்பல் பூஞ்சை, அதாவது போட்ரைடிஸ், கொஞ்சம் இருந்துச்சு, வெட்டி எறிஞ்சதும் கீழ சுத்தமா இருந்துச்சு. ஒரே ஒரு செடியில ஒட்டுக்கு கீழ கழுத்துல சொரசொரனு ஒரு உருண்டை, அது கிரௌன் கால்ங்கற கழலை நோய். அக்ரோபாக்டீரியம்ங்கற பாக்டீரியா காயம் வழியா உள்ள போய் பண்ற வேலை, செடிக்குள்ள வந்துட்டா அத குணப்படுத்த மருந்து கிடையாது. உருண்டைய மட்டும் செதுக்கி எடுத்துட்டு நட்டுடலாம்னு சில பேர் நெனைப்பாங்க, தயவுசெஞ்சு வேணாம். செடியவே தூக்கிப் போட்டு, தொட்ட கட்டர ஸ்பிரிட் வெச்சு தொடச்சோம். இந்த செக்கிங்க ஊற வெக்கிறதுக்கு முன்னாடியே பண்ணணும், ஏன்னா ஒரே டப்புல 50 செடியோட வெட்டுக்காயம் ஒரே தண்ணிய குடிக்குது, ஒண்ணுல இருக்கறது எல்லாத்துக்கும் போகும். பெட்டியில ஒண்ணு ரெண்டு கூடவே போட்டிருந்ததால அதக் கழிச்சும் 400 குறையல.

ரெண்டு நாள் வேலை

முதல் நாள் மேசையில அக்கா இருந்தாங்க. இந்த வேலையில எனக்கு மூத்தவங்க, எனக்கு கட்டர் புடிக்கவே சொல்லிக் குடுத்தவங்க. அவங்க வேலை பண்றத பக்கத்துல நின்னு பாத்தா மெதுவா பண்ற மாதிரிதான் தெரியும். முந்தின ராத்திரி ஊறப்போட்ட டப்புலேர்ந்து அஞ்சு இல்லனா ஆறு செடி மட்டும் எடுப்பாங்க, எடுத்ததும் நனைஞ்ச சாக்குக்குள்ள வேர்ப்பக்கத்த சொருகி மூடிடுவாங்க, அதுலேர்ந்து ஒவ்வொண்ணா உருவுவாங்க. உடைஞ்ச வேர், கறுத்த வேர் மட்டும் வெட்டு, நல்ல தடி வேர்ல நுனிய ஒரு சென்டிமீட்டர் புதுசா சீவி விடுவாங்க, அவ்ளோதான். கழுத்துக்குக் கீழ வேர்க்கட்டையிலேர்ந்து கிளம்புற காட்டுத்தளிர் இருந்தா வெட்ட மாட்டாங்க, கீழ்ப்பக்கமா இழுத்து அடியோட பிச்சுடுவாங்க, வெட்டினா அடிக்கண்ணு தங்கி மறுபடி நாலா வரும். அப்புறம் தொட்டிக்குள்ள கலவைய கூம்பு மாதிரி குவிச்சு, அது மேல வேர பாவாடை விரிச்ச மாதிரி சுத்தி விரிச்சு, ஒரு கை குச்சிய புடிச்சுக்கும், இன்னொரு கை கலவைய தள்ளும், நடுநடுல செடிய லேசா மேலயும் கீழயும் ஆட்டுவாங்க, வேர் இடுக்குக்குள்ள கலவை இறங்கறதுக்கு. அமுக்கி அமுக்கி மிதிக்கிறதெல்லாம் கிடையாது. தண்ணி ஊத்தினா அது தானா இறங்கும், இறங்கின அளவுக்கு மேல கொஞ்சம் போடுவாங்க.

அப்படியே சாயங்காலத்துக்குள்ள 200 முடிஞ்சுது.

ரெண்டாவது நாள் அக்கா லீவு, பொறுப்பு என்கிட்ட. அன்னிக்குதான் நான் ஒரு முடிவு எடுத்தேன், மீதி 200ஐயும் டப்புலேர்ந்து காலையிலயே மொத்தமா எடுத்து மேசை மேல ரகம் ரகமா அடுக்கிட்டா கை வேகமா ஓடும், டப்பும் காலியாகும்னு. சாக்கு மேசைக்கு கீழயே இருந்துச்சு, எடுத்து நனைக்கணும்னு தோணல. முதல் 60 செடி ஒரு மணி நேரத்துக்குள்ள தொட்டிக்குப் போயிடுச்சு. அதோட கலவை தீந்துபோச்சு. புது கோகோபீட் (தென்னை நார்த்தூள்) பிளாக்க ஊற வெச்சு உதுத்து, ரெண்டு தடவ அலசி, பட்டைத்தூளும் பெர்லைட்டும் கலந்து முடிக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஷெட் ரெண்டு பக்கமும் திறந்திருந்துச்சு, வெயில் மேல படல, ஆனா வறண்ட காத்து ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்ட்டே இருந்துச்சு. 140 செடி அந்த காத்துல வேர நீட்டிட்டு படுத்திருந்துச்சு. திரும்பி வந்தப்ப வேரோட நிறம் மாறியிருந்தத பாத்தேன், காலையில கரும்பழுப்பா பளபளனு இருந்தது வெளிறி மண்ணு நிறத்துக்கு வந்திருந்துச்சு. ஹோஸ்ல ஒரு தடவ தண்ணி அடிச்சேன், உடனே நிறம் பழையபடி ஆயிடுச்சு, சரியாப் போச்சுனு நட்டுட்டோம்.

ஒரு நல்ல பழக்கம் மட்டும் அன்னிக்கு விட்டுப் போகல. ஒவ்வொரு டேக்லயும் பின்பக்கம் பென்சில்ல தேதியும், அன்னிக்கு எத்தனாவது ட்ரேனும் எழுதியிருந்தோம். இந்த கேஸே அந்த பென்சில் எழுத்தாலதான் வெளிய வந்துச்சு.

ஏழு வாரம்

ரெண்டாவது வாரம் கண்ணு உப்புச்சு. மூணு, நாலாவது வாரம் இலை விரிஞ்சுது. இதுதான் என்ன ஏமாத்தின இடம், 400 செடியும் ஒரே மாதிரி விரிஞ்சுது, அந்த 140உம் பின்தங்கவே இல்ல, சில ட்ரேல ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி கூட வந்துச்சு. இலை வந்துடுச்சுனா வேர் புடிச்சிடுச்சுனு நானே முடிவு பண்ணி நாலாவது வாரக் கடைசியில தண்ணியில கரையுற உரத்த பாதி அளவுல ஆரம்பிச்சுட்டேன்.

அஞ்சாவது வாரம் மூணு நாள் தொடர்ந்து பாலிஹவுஸ்ல சூடு 30 டிகிரிய தாண்டுச்சு. மதியம் சில செடி நுனி தொங்குச்சு, சாயங்காலம் நிமிந்துடுச்சு. தாகம்னு நெனச்சு காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுனு தண்ணிய கூட்டினேன். ஆறாவது வாரம் தொங்கினது நிமிரல, கீழ் இலை மஞ்சளாச்சு, குச்சி நுனியிலேர்ந்து பழுப்பு இறங்குச்சு. பூஞ்சை மருந்து கரைச்சு எல்லா தொட்டிக்கும் ஊத்தினோம், ஒரு மாத்தமும் இல்ல. அப்புறம் புது கலவை மேல சந்தேகம் வந்துச்சு, இது நியாயமான சந்தேகம்தான், ஏன்னா சரியா அலசாத கோகோபீட்ல சோடியமும் பொட்டாசியமும் நிறைய தங்கும், அது இளம் வேர சுடும். சாஞ்ச செடியில முக்கால்வாசிக்கு மேல அந்த புது கலவையிலதான் இருந்துச்சு.

ஆனா தொட்டிக்கு கீழ வடியுற தண்ணிய புடிச்சு உப்பு அளவு காட்டுற ஈசி மீட்டர்ல பாத்தா பழைய கலவைக்கும் புதுசுக்கும் வித்தியாசமே தெரியல. அதே புது கலவையில அதே நாள் செம்பருத்தி குச்சியும் போட்டிருந்தோம், அது எல்லாம் ஜம்முனு வந்துட்டு இருந்துச்சு. கலவை இல்ல. அப்ப வேற என்ன?

தொட்டிய கவுத்தப்போ

அக்கா ஒரு நாள் வரிசைக்குள்ள நடந்து வந்தாங்க. நான் இலைய திருப்பித் திருப்பி பாத்துட்டு நின்னேன்.

"தம்பி, இலையில என்ன தேடுற? தொட்டிய கவுத்துப் பாத்தியா?"

"இல்லக்கா, வேர் புடிக்கிற நேரத்துல கலைக்க வேணாம்னு விட்டுட்டேன்."

"புடிச்சிருந்தா கலையாது. புடிக்கலனா கலைய அங்க என்ன இருக்கு?"

ஒரு கையால குச்சிய புடிச்சு லேசா மேல தூக்கினாங்க. செடி மட்டும் தனியா கையோட வந்துடுச்சு, கலவை தொட்டியிலயே நின்னுச்சு. ஏழு வாரம் முன்னாடி நான் எப்படி விரிச்சு வெச்சேனோ அப்படியே அதே மடிப்புல வேர் இருந்துச்சு, ஒரு வெள்ளை முனை கூட இல்ல. அக்கா ஒரு தடி வேர ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருவினாங்க, தோல் உறை மாதிரி கழண்டு வந்துச்சு, உள்ள கட்டை பழுப்பா இருந்துச்சு. சல்லி வேரெல்லாம் நமத்துப்போன நூல் மாதிரி தொட்டதும் அறுந்துச்சு. கலவையில புளிச்ச வாடை. பக்கத்து வரிசையில முதல் நாள் நட்ட ஐஸ்பெர்க் ஒண்ண கவுத்தோம், கலவை தொட்டி வடிவத்துலயே உருண்டையா வந்துச்சு, சுத்தி வெள்ளை வெளேர்னு வேர் ஓடியிருந்துச்சு, அக்கா சீவி விட்ட வெட்டு முனையிலேர்ந்தே கொத்தா அஞ்சாறு கிளம்பியிருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் டேக்க திருப்பினோம். ராத்திரி வரைக்கும் உக்காந்து எல்லா ட்ரேயும் எழுதினேன். முதல் நாள் நட்ட 200ல 6 போயிருந்துச்சு. ரெண்டாவது நாள் காலையில கலவை தீருறதுக்கு முன்னாடி நட்ட 60ல 3. அதுக்கப்புறம் நட்ட 140ல 81. ஐஸ்பெர்க் 100ல பாதி முதல் நாளும் பாதி அந்த கடைசி 140லயும் விழுந்திருந்துச்சு, அதே வயல், அதே லோடு, முதல் 50ல 1, ரெண்டாவது 50ல 27. ரகமோ, கிரேடோ, வேர்க்கட்டையோ காரணமா இருந்தா இப்படி நட்ட நேரத்தப் பாத்து கோடு கிழிச்ச மாதிரி பிரியாது. பூஞ்சையும் எங்க டேக்க படிச்சுட்டு பரவாது. அந்தக் கோட்டுல மாறினது ரெண்டே விஷயம், கலவையும் காத்துல கிடந்த நேரமும், கலவைய ஏற்கனவே கழிச்சாச்சு.

இலை ஏன் வந்துச்சு

இது புரிஞ்சாதான் மத்த எல்லாம் புரியும். குச்சிக்கு மேல பட்டையும் மெழுகுப் படலமும் இருக்கு, ஈரம் சீக்கிரம் போகாது. சல்லி வேருக்கு அந்த போர்வை கிடையாது, தண்ணிய உறிஞ்சுறதே அதோட வேலை, அதனால தண்ணிய விடுறதுக்கும் தடையில்ல. வறண்ட காத்துல முதல்ல சல்லி வேர் போகும், அப்புறம் தடி வேரோட வெளித்தோல், அதுக்கப்புறம்தான் குச்சிக்கு சுருக்கமே விழும். நான் குச்சிய பாத்தேன், அது நல்லாத்தான் இருந்துச்சு. ஹோஸ்ல அடிச்சதும் வேர் கறுத்துச்சுனா அது செத்த தோல் நனைஞ்ச நிறம், உயிர் திரும்பினது இல்ல.

செடி தூங்கப் போறதுக்கு முன்னாடி குச்சியிலயும் தடி வேர்லயும் மாவுச்சத்த சேத்து வெச்சிருக்கும். சூடு ஏறினதும் கண்ணு அந்த சேமிப்ப எடுத்துதான் விரியும், அதுக்கு புது வேர் தேவையே இல்ல. ஜாடியில வெச்ச குச்சி துளிர்க்குற மாதிரிதான் இது. அந்த முதல் தளிர் வரைக்கும் குச்சிக்குள்ள இருக்குற தண்ணியே போதும். ஆனா விரிஞ்ச இலை ஒவ்வொண்ணும் அந்த நிமிஷத்துலேர்ந்து தண்ணிய வெளிய விடும், அத ஈடுகட்ட கீழ யாராவது உறிஞ்சணும். நல்ல செடியில அதுக்குள்ள வெள்ளை வேர் வந்து சேந்துக்கும். அந்த 140ல பாதிக்கு மேல யாருமே இல்ல. சூடான மூணு நாள் வந்ததும் கணக்கு தீந்துடுச்சு.

இன்னொரு தப்பும் என்னோடதுதான். கண்ணு துளிர்க்குறது காத்தோட சூட்டப் பாத்து, வேர் கிளம்புறது கலவையோட சூட்டப் பாத்து. பாலிஹவுஸ்ல பகல்ல காத்து 25 டிகிரிக்கு போயிடும், குளுந்த தரையில இருக்குற தொட்டிக்குள்ள கலவை 9, 10ல கிடக்கும். மேல அவசரப்படுத்திட்டு கீழ இழுத்துப் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. முதல் நாள் செடிங்க இத தாங்கிடுச்சு, அடிபட்ட செடிங்களால தாங்க முடியல.

அதுக்கு மேல நான் கூட்டின தண்ணி. குடிக்க வேர் இல்லாத தொட்டியில தண்ணி அப்படியே தேங்கும், காத்து போற இடுக்கெல்லாம் அடைபடும், மிச்சமிருந்த தடி வேர்ல காயம் ஆறி வெள்ளைத் தழும்பு கட்டிட்டு இருந்தது கூட அழுகிடும். மதியம் தொங்கி சாயங்காலம் நிமிர்ற செடிக்கு தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி தொட்டிய ஒரு தடவ தூக்கிப் பாத்திருக்கணும். கனமா இருந்தா அது கேக்குறது நிழல், தண்ணி இல்ல. பொழைக்க வாய்ப்பிருந்த கொஞ்சத்தையும் நான் ஊத்தின தண்ணிதான் முடிச்சிருக்கும்னு உறுதியா நம்புறேன், இத எழுதும்போதும் வலிக்குது.

அடுத்த சீசன் ஒரு சின்ன டெஸ்ட்

காத்துதான் காரணம்னு வாயால சொல்றது வேற, பாக்குறது வேற. அடுத்த சீசன் ஒரே ரகத்துல 40 செடி தனியா எடுத்தேன், ஒரே கட்டு, ஒரே கலவை, ஒரே ஆள் நட்டது. 10 செடி டப்புலேர்ந்து நனைஞ்ச சாக்குக்குள்ள, அங்கேர்ந்து நேரா தொட்டிக்கு. 10 செடி அரை மணி நேரம் மேசை மேல திறந்து. 10 செடி ரெண்டு மணி நேரம் திறந்து, ஹோஸ்ல அடிச்சு நட்டது. கடைசி 10 அதே ரெண்டு மணி நேரம் திறந்து, ஆனா நடுறதுக்கு முன்னாடி மறுபடி ராத்திரி முழுக்க ஊற வெச்சது. 35ஆவது நாள் எல்லாத்தையும் கவுத்து, தொட்டி ஓரம் வரைக்கும் வெள்ளை வேர் வந்தத மட்டும் எண்ணினேன். சாக்கு 10க்கு 10, அரை மணி நேரம் 9, ரெண்டு மணி நேரம் 4, மறுபடி ஊற வெச்சது 6. இலை மட்டும் 40லயும் இருந்துச்சு.

பத்து பத்து செடி வெச்சு பெரிய சட்டம் எழுத முடியாதுதான். ஆனா மறுபடி ஊற வெச்சா கொஞ்சம் மீளும், முழுசா மீளாதுங்கறது எங்க வேலைக்கு போதுமான பதில். தப்பு நடந்துட்டா ஹோஸ் அடிச்சுட்டு நட்டுடாதீங்க, அன்னிக்கு வேலைய நிறுத்திட்டு திரும்ப டப்புல போடுங்க, நாளைக்கு நடலாம்.

இப்ப வேலை எப்படி ஓடுது

கலவை முழுசும் தயாராகி, தொட்டியெல்லாம் அடுக்கி முடிஞ்ச பிறகுதான் பெட்டிய திறக்குறோம். கலவை பத்தலனா செடி பெட்டியிலயே குளுந்த இடத்துல ஈரத்தோட இருக்கட்டும், ரெண்டு மூணு நாள் அது பாட்டுக்கு தூங்கும், ஒண்ணும் ஆகாது. டப்புல ஊறுறது 8லேர்ந்து 12 மணி நேரம், எந்தக் காரணத்துக்கும் 24 மணி நேரத்த தாண்டுறதில்ல, தண்ணிக்குள்ள வேருக்கு மூச்சு முட்டும். லீவு நாளுக்கு முந்தின சாயங்காலம் ஊறப் போடவே மாட்டோம். ஊறினதும் மேசைக்கு ஆறு செடிக்கு மேல வராது, வர்றதும் சாக்குக்குள்ள.

வேர தொட்டிக்கு ஏத்த மாதிரி வெட்டுறத முழுசா விட்டாச்சு. முன்னாடி 7 லிட்டர் தொட்டியில திணிக்க பாதி வேர வெட்டுவோம், வெட்டி எறியுற தடி வேர்லதான் அடுத்த ரெண்டு மாசத்துக்கு சாப்பாடு இருக்குனு யோசிக்கவே மாட்டோம். இப்ப 11 லிட்டர், ஆழமான தொட்டி, வேர் மடங்காம கீழ இறங்கணும். குச்சிய மட்டும் 15லேர்ந்து 20 சென்டிமீட்டருக்கு வெட்டுறோம், வெளிப்பக்கம் பாக்குற கண்ணுக்கு ஒரு அரை சென்டிமீட்டர் மேல, கண்ணு குறைஞ்சா இலை குறையும், இலை குறைஞ்சா வேர் மேல விழுற சுமை குறையும். ஒட்டுமுடிச்சு கலவை மட்டத்துக்கு சரியா இல்லனா கொஞ்சம் மேல. மண்ணு உறையற அளவு பனி விழுற இடத்துல நிலத்துக்குப் போகும்போது அத 5 சென்டிமீட்டர் புதைப்பாங்க, அது நடுறவங்க அவங்க குளிரப் பாத்து முடிவு பண்ண வேண்டியது.

கலவை பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, தண்ணி சட்டுனு வடியணும், பிஹெச் 6லேர்ந்து 6.5க்குள்ள, அடியுரம் கிட்டத்தட்ட இல்லாம.

நட்டு தண்ணி ஊத்தினதும் வரிசை மேல வளையம் வெச்சு பாலித்தீன் போட்டு மூடிடுறோம், பாலித்தீன் மேல ஷேட் நெட். உள்ள காத்து ஈரமா நிக்கும், குச்சி காயாது, கண்ணு வர்றதுக்கு உதவும். சூடு ஏற விடக்கூடாது, 15 டிகிரிக்கு மேல போனா ஓரத்த தூக்கி விடுவோம். தொட்டிய வெறும் தரையில வெக்காம கட்டைச் சட்டம் மேல வெக்குறோம், கலவை சில்லுனு ஆகாம இருக்க. தளிர் ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆனதும் மேகமா இருக்குற நாள்ல மூடிய கொஞ்சம் கொஞ்சமா எடுப்போம், ஒரே நாள்ல பளிச்சுனு எடுத்தா ஈரத்துல வளந்த தளிர் கருகிடும். முதல் தண்ணிக்கு அப்புறம் தொட்டிய கையில தூக்கிப் பாத்துதான் அடுத்த தண்ணி, சில சமயம் பத்து நாள் கூட தேவைப்படாது. அந்த நேரத்துல ஹோஸ் புடிச்சுட்டு நடக்குற பழக்கம் இருக்குறவங்க கைய கட்டிப் போடுறதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

28ஆவது நாள் வரிசைக்கு மூணு தொட்டிய கவுத்துப் பாப்போம், ஒரு கைய தொட்டி வாயில வெச்சு, குச்சிய விரலுக்கு நடுவுல விட்டு கலவைய தாங்கி மெதுவா. வெள்ளை வேர் ஓரத்த தொட்டிருந்தா உரம் ஆரம்பிக்கும், தொடலனா இலை எவ்ளோ பச்சையா இருந்தாலும் உரம் கிடையாது, இன்னொரு வாரம் நிழல். விக்கிறது கலவை உருண்டையா நிக்கிறப்ப மட்டும்தான், அதுக்கு நடவுலேர்ந்து 8லேர்ந்து 12 வாரம் ஆகுது. முன்னாடி இலை விட்டதும், மொட்டு வெச்சதும் வெளிய போயிடும், வாங்கிட்டுப் போறவங்க நிலத்துல வெக்கும்போது கலவை உதிர்ந்து அவங்க கையில செத்திருக்கும், அவங்களோ தங்களோட கை ராசியில்லைனு நெனச்சிருப்பாங்க. அது அவங்க தப்பே இல்ல.

சாஞ்ச 90ல என்ன ஆச்சுனா, அக்கா ஒவ்வொண்ணா கழுத்துக்குப் பக்கத்துல நகத்தால கீறிப் பாத்து, அடித்தண்டும் தடி வேரோட மேல்பாதியும் உள்ள வெள்ளையா இருந்த 34 செடிய ஒதுக்கினாங்க. செத்த வேர வெள்ளை தெரியுற வரைக்கும் வெட்டி, குச்சிக்கு ரெண்டு கண்ணு விட்டு, இலையெல்லாம் எடுத்துட்டு, 3 லிட்டர் தொட்டியில புதுசா ஈரப்பதமா இருக்குற கலவையில வெச்சு மூடிக்குள்ள தள்ளினோம். அஞ்சு வாரம் ஒண்ணுமே தெரியல. அப்புறம் 19 செடி பொழைச்சு வந்துச்சு. அத அந்த வருஷம் விக்கல, வர்ற மொட்டெல்லாம் கிள்ளிட்டே இருந்தோம், அடுத்த வருஷம் பெரிய தொட்டிக்கு மாத்தினோம். அதுல மிஸ்டர் லிங்கன் ஒண்ணு மேசைக்குப் பக்கத்துலயே நிக்குது, பின்பக்கம் பென்சில்ல அந்த ரெண்டாவது நாள் தேதியும் 11ஆவது ட்ரேனும் எழுதின டேக் இன்னும் அதுல தொங்குது.